காரில் சிபி ரேடியோ: சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாலைந்து வண்டிகளாகச் சேர்ந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை என்று கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ரேடியோ பெட்டியைவிட ஆன்டெனாவைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன். காரணம் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சிபி ரேடியோ என்றால் என்ன? கைப்பேசி இருக்கும்போது அது எதற்கு?

தேர்வு எழுதாமல், அழைப்புக்குறி (பேசுபவரை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) வாங்காமல், பொதுமக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்காக ஒதுக்கிய அலைவரிசை. சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம்தான் சிபி. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இதற்கு இடம் கொடுத்தார்கள். 1977இல் சேனல்கள் 40 ஆயின. லாரிக்காரர்களால்தான் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது.

கைப்பேசியில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அழைக்கிறோம். குழு அழைப்பு போட்டாலும் ரோமிங்கில் ஒருவர் விழுந்துகொண்டே இருப்பார். ரேடியோவில் மைக் பட்டனை அழுத்தினால் எல்லா வண்டிக்கும் ஒரே நொடியில் கேட்கும். "பாகோ தாண்டி வலது லேன்ல லாரி டயர் கிடக்கு, பார்த்து வாங்க" என்ற செய்தி, பின்னால் வருபவர் அந்த இடத்துக்கு வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். எண்ணைத் தேடி அழைத்துக்கொண்டிருந்தால் டயரைத் தாண்டிப் போயிருப்பார், அல்லது அதன்மேல் ஏறியிருப்பார்.

சிங்கப்பூர் சாலையில் இதில் பேசலாமா?

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் ரேடியோ அலை பரப்பும் கருவிகள் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின், அதாவது ஐஎம்டிஏ-வின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கருவி அது ஏற்றுக்கொண்ட வகையாக இருக்க வேண்டும். குறைந்த சக்தியில் இயங்கும் சில வகைகளுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. கடையில் இரண்டிரண்டாக விற்கும் 446 மெகாஹெர்ட்ஸ், 0.5 வாட் வாக்கி டாக்கி அப்படிப்பட்டது. மலேசியாவில் சுதந்திரமாகப் பேசும் 5 வாட் கருவிக்கு இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அப்படியென்றால் மலேசியாவில் மட்டும் எப்படி?

அங்கே எம்சிஎம்சி என்ற ஆணையம் 2000ஆம் ஆண்டு முதல் இதைப் பொது ஒதுக்கீடாகத் திறந்து வைத்திருக்கிறது. தனிப்பட்ட உரிமம் வேண்டாம். இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று 27 மெகாஹெர்ட்ஸ்: 26.965 முதல் 27.405 வரை 40 சேனல், ஏஎம் அல்லது எஃப்எம்மில் 4 வாட். மற்றொன்று 477 மெகாஹெர்ட்ஸ்: 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல், எஃப்எம்மில் 5 வாட். இரண்டிலும் 9ஆம் சேனல் அவசரத்துக்கு, 11ஆம் சேனல் ஆளை அழைப்பதற்கு. அழைத்துவிட்டு வேறு சேனலுக்குப் போய்ப் பேசுவதுதான் மரியாதை. கருவியில் அங்கத்திய சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரேடியோவைக் கழற்றி காரின் பின்பக்க பூட்டுக்குள் (boot) போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்தால் பரவாயில்லையா?

"ஆன் பண்ணலையே" என்பது நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே ஐஎம்டிஏ-வுக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உட்லண்ட்ஸில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று முள்ளைப் பார்க்கிற அக்கறையில் பாதி இதற்கும் இருந்தால் போதும்.

நான் எல்லாருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். மின்வயர், ஃபியூஸ், ஆன்டெனா அடி, கேபிள் எல்லாம் காரிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். பேசும் பெட்டி ஜோகூர் பாருவில் அத்தை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கட்டும். போகும்போது எடுத்து மாட்டி, திரும்பும்போது கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் தலைவலி இல்லை. கீழே பொருத்துவதைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துத்தான்.

27 வாங்குவதா, 477 வாங்குவதா?

சிங்கப்பூரில் பதிவான சாதாரணக் காருக்கு 477தான். ஒரே காரணம், ஆன்டெனாவின் நீளம். 27 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு ஆன்டெனா வேண்டும் என்றாலே 2.75 மீட்டர் வந்துவிடும். சுருள் போட்டு ஒன்றேகால் மீட்டராகக் குறைத்து விற்கிறார்கள். குறைக்கக் குறைக்கத் திறனும் குறையும். 477இல் கால் அலை 16 சென்டிமீட்டர்கூட இல்லை, பேனாவைவிடக் கொஞ்சம் நீளம்.

27க்கும் ஒரு பெருமை உண்டு. மரங்கள் அடர்ந்த இடத்திலும் மேடு பள்ளத்திலும் அது கொஞ்சம் வளைந்து கொடுத்துப் போகும். ஆனால் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி எங்கெங்கோ உள்ளவர்களின் பேச்சு வந்து குவியும். முன்னால் போகும் வண்டி சொல்வது அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். பொழுதுபோக்குக்கு அது சுகம், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் பயணத்துக்குத் தொல்லை.

எதை வாங்கினாலும் கூட வருகிற எல்லாரும் அதையே வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

பெர்த்தில் இருக்கும் தம்பி 477 ரேடியோ வாங்கித் தருகிறேன் என்கிறான். சரிவருமா?

ஆஸ்திரேலியச் சேனல் வரிசை வேறு. அங்கே முதல் சேனல் 476.425இல் தொடங்குகிறது. மலேசியாவில் 477.0125. ஆகவே "அஞ்சாம் சேனலுக்கு வாங்க" என்றால் நீங்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் இருப்பீர்கள். கணக்குப் போட்டால் ஆஸ்திரேலியாவின் 25ஆம் சேனலும் மலேசியாவின் 2ஆம் சேனலும் 477.025இல் சந்திக்கின்றன. இப்படிச் சில இடங்களில் பொருந்தும். ஆனால் மலேசியாவின் மேல் சேனல்கள் ஆஸ்திரேலியக் கருவியில் இல்லவே இல்லை, அங்கத்திய சான்று முத்திரையும் இருக்காது. தம்பியிடம் நல்ல ஆன்டெனாவை வாங்கி வரச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியர்கள் இந்தப் பட்டைக்கு ஆன்டெனா செய்வதில் கெட்டிக்காரர்கள், அதற்குச் சேனல் பிரச்சினையும் இல்லை.

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கியே போதாதா?

ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பார்வைக்கு எட்டிய தூரத்தில் போனால் போதும். ஆனால் கார் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து பேசினால் அலை கண்ணாடி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வெயிலுக்காக ஒட்டிய ஃபிலிமில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் தடைதான். கூரைமேல் ஆன்டெனா வைத்த 5 வாட் ரேடியோ சமவெளி நெடுஞ்சாலையில் ஐந்து கிலோமீட்டர் அளவுக்குக் கேட்கும். அதே 5 வாட் கையடக்கக் கருவி காருக்குள்ளிருந்து அதில் பாதி போனாலே பெரிய விஷயம். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் இரண்டுமே குறையும், கையடக்கம் முதலில் மடியும்.

நடுவழி: கையடக்கக் கருவியின் குட்டி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கூரையில் உள்ள ஆன்டெனா கேபிளை அதில் மாட்டுவது. அதற்கான அடாப்டர் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர்களுக்கு இதுவே தாராளம்.

பெட்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

சத்தமாகவும் தெளிவாகவும் பேசும் ஸ்பீக்கர். யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச். இருட்டில் படிக்கக்கூடிய திரை. சின்னக் கார் என்றால் பட்டன், திரை எல்லாம் மைக்கிலேயே இருக்கும் மாதிரியைத் தேடுங்கள். பெட்டி சீட்டுக்கு அடியில் போய்விடும், கழற்றி மாட்டவும் வசதி. மற்றபடி நூறு வசதி எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டப்படி எல்லாப் பெட்டியும் 5 வாட்தான். 200 ரிங்கிட் கூடக் கொடுப்பதென்றால் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் கொடுங்கள்.

எந்த ஆன்டெனா?

ஆன்டெனா வரும் அட்டைப்பெட்டிமேல் 3 டிபி, 6 டிபி, 9 டிபி (டெசிபெல்) என்று போட்டிருக்கும். பெரிய எண்தான் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அந்த எண் புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் சிதறுவதை அமுக்கிப் பக்கவாட்டில் நீட்டுகிறது, அவ்வளவுதான். சமதளமான வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அது நல்லது. தாப்பாவிலிருந்து கேமரனுக்கு வளைந்து ஏறும்போது உங்கள் வண்டி ஒரு மட்டத்தில், நண்பர் வண்டி நூறு மீட்டர் மேலே. அந்த மெல்லிய கற்றை அவர் தலைக்குக் கீழே போய்விடும். இரண்டு வகைச் சாலையிலும் போகிறவர்களுக்கு 3 முதல் 5 வரை உள்ளது போதும்.

இன்னொன்று: கால் அலை ஆன்டெனாவுக்குக் காரின் இரும்புக் கூரைதான் மறுபாதி. கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கார், ஃபைபர் மூடி போட்ட பிக்கப் போன்றவற்றுக்கு, இரும்புத் தளம் தேவைப்படாத அரை அலை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வைப்பது? கூரையில் துளை போட வேண்டுமா?

கூரையின் நடு மையம்தான் ராஜா ஸ்தானம். நான்கு பக்கமும் சமமாகப் போகும். பானெட் ஓரத்திலோ பூட் மூடியிலோ வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மந்தமாகவும் கேட்கும். அணிவகுப்பில் கடைசியாக வருபவர் முன்பக்கம்தான் பேச வேண்டும், பூட்டில் வைத்த ஆன்டெனாவுக்கு முன்னால் கூரையே சுவர் மாதிரி நிற்கும்.

துளை வேண்டாம். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டி வாங்கிய காரின் கூரையை யார் ஓட்டை போடுவார்கள்? இங்கே அடிக்கிற மழைக்குத் துரு பிடிப்பதும் நிச்சயம். வாடகைக் கார் என்றால் பேச்சே இல்லை. காந்த அடி போதும். 477க்குக் கைக்கடக்கமான காந்தமே 110 கிலோமீட்டர் வேகத்தில் நின்று பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் கூரையையும் காந்தத்தின் அடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தால்கூட வட்டமாகக் கீறல் விழும். வாரக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் விட்டால் பெயின்டில் தடம் பதியும், பயணம் முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கூரை அலுமினியமாக இருந்தால் காந்தம் ஒட்டாது. வாங்குவதற்கு முன் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

பிறகு, கார் நிறுத்துமிடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடங்களின் நுழைவாயிலில் தொங்கும் உயர எச்சரிக்கைத் தடியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை மீட்டர் உயரக் காரின்மேல் ஒன்றேகால் மீட்டர் 27 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவோடு நுழைந்தால் டணாரென்று அடிக்கும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். 40 சென்டிமீட்டர் ஆன்டெனாவுக்கு அந்தக் கவலை இல்லை.

கேபிளை எப்படிக் கொண்டு வருவது?

கதவின் ரப்பர் ஓரமாக, கீல் இருக்கும் பக்கம் உள்ளே விடுங்கள். பூட்டு இருக்கும் பக்கம் விட்டால் ஒவ்வொரு தடவையும் நசுங்கும். வெளியே ஒரு சின்னத் தொங்கல் வைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள், மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே வராமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ரப்பருக்கு அடியில் கேபிள் தட்டையாகிவிட்டதென்றால் அந்தக் கேபிள் போய்விட்டது, டேப் சுற்றிப் பயனில்லை.

மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 27 மெகாஹெர்ட்ஸில் ஐந்து மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் விழுங்கும். அதே கேபிள் 477இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதனால் 477க்குக் கேபிளைத் தேவையான அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், நல்ல ரகமாக வாங்குங்கள். "பதினெட்டு அடிக்குக் குறையக்கூடாது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கனெக்டர், ஃபியூஸ், கேபிள் எல்லாம் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

சிகரெட் லைட்டர் ஓட்டை ஒரு பயணத்துக்குச் சரி. நிரந்தரம் என்றால் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். 5 வாட் ரேடியோ பேசும்போது 2 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், அதற்குப் பெரிய வயர் வேண்டியதில்லை. ஆனால் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். ரேடியோ பக்கம் ஃபியூஸ் போட்டுவிட்டு, நடுவில் வயர் எங்காவது உரசி இரும்பைத் தொட்டால், தீப்பிடிப்பது ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர்.

புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். ரேடியோவின் கறுப்பு வயரை அந்த முனையில் நேராக மாட்டாமல் காரின் உடம்பில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுப்பதும் நல்ல வழிதான். டாஷ்கேம் பொருத்துபவர்களுக்கு அந்த வேலை கைவந்த கலை, காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள்.

பெரிய லாரியும் கோச் பேருந்தும் 24 வோல்ட். நேராக மாட்டினால் ரேடியோ போயே போய்விடும். 12க்கு இறக்கும் கன்வெர்ட்டர் கட்டாயம். "ரெண்டு பேட்டரி இருக்கே, ஒண்ணுல மட்டும் எடுத்துக்கலாமே" என்று கேட்பார்கள். ஒரு பேட்டரி மட்டும் கரைந்து இரண்டும் கெடும்.

மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சின்னப் பேட்டரி ஒன்று உண்டு, அதில்தான் மாட்ட வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே போகக்கூடாது.

ஓபியு இருக்கிறதே, இடைஞ்சல் வராதா?

புதிய இஆர்பி-க்காக (மின்னியல் சாலைக் கட்டணம்) வண்டிக்குள் பொருத்தும் கருவியான ஓபியு செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கி வேலை செய்கிறது. கார்களில் அதன் பெட்டி பெரும்பாலும் பயணி காலடியில், ஆன்டெனாவும் திரையும் முன்பக்கம். அதன் வயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள், அதை நகர்த்தவும் வேண்டாம். உங்கள் பெட்டியை ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலும் கேபிளைப் பின்கதவு வழியாகவும் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் திருகாதீர்கள்.

எஸ்டபிள்யூஆர் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது என்ன?

ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் கணக்கு. 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகிறது, மிக நல்லது. 2 என்றால் 11, சமாளிக்கலாம். 3 என்றால் 25, பேசுவதை நிறுத்திவிட்டு என்ன கோளாறு என்று தேடுங்கள். ஆன்டெனா மாட்டாமல் பட்டனை அழுத்தினால் ரேடியோவின் கடைசிப் பகுதி சூடேறிக் கருகும் வாய்ப்பு உண்டு.

இந்தச் சோதனைக்கு அலை பரப்பியாக வேண்டும், ஆகவே அதை எல்லைக்கு அந்தப் பக்கம்தான் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் செய்யக்கூடியது மல்டிமீட்டர் வேலை: கேபிளின் நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையில் ஷார்ட் இல்லை என்று பார்ப்பது, ஃபியூஸ் தாண்டி 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது.

அங்கே போனதும் மற்ற வண்டிகள், கூரை, தூண்கள் இல்லாத திறந்தவெளியில் நிறுத்துங்கள். கதவு, பூட் எல்லாம் மூடியிருக்கட்டும். மீட்டரை ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டுங்கள். 27க்கு வாங்கிய மீட்டர் 477இல் பொய் சொல்லும், பட்டைக்கு ஏற்றதை வாங்குங்கள். முதல் சேனலில் யாரும் பேசவில்லை என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று நொடி அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கடைசிச் சேனலில். முதல் சேனலில் எண் அதிகம் என்றால் ஆன்டெனா குட்டை, திருகாணியைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். கடைசிச் சேனலில் அதிகம் என்றால் நீளம், உள்ளே தள்ளுங்கள் அல்லது வெட்டுங்கள். 477இல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கணக்குதான், கட்டரைவிட அரம்தான் பாதுகாப்பு. இரண்டு சேனலிலும் எண் மோசமாகவே இருந்தால் கம்பியைத் தொடாதீர்கள். கனெக்டர் சாலிடர் சரியில்லை, அல்லது கேபிள் நசுங்கியிருக்கிறது. 477இல் நல்ல பெயரெடுத்த, தொழிற்சாலையிலேயே அளந்து வெட்டிய ஆன்டெனா வாங்கினால் பெரும்பாலும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம்.

வண்டி ஸ்டார்ட் செய்ததும் உய்ய்ய் என்று சத்தம் வருகிறது. ஏன்?

ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தமும் ஏறினால் ஆல்டர்னேட்டர். மின்வயரை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனாலே பாதி போய்விடும். எஞ்சின் வேகத்தோடு சம்பந்தமில்லாமல் இரைந்தால் டாஷ்கேம் வயரையும் யுஎஸ்பி சார்ஜரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஓட்டிக்கொண்டே பேசலாமா?

சிங்கப்பூரில் வண்டி நகரும்போது தொடர்புக் கருவியைக் கையில் பிடித்திருப்பதே குற்றம். முதல் தடவைக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மலேசியாவிலும் போலீஸ் சும்மா விடாது. மைக்கைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்கு வாய் அதிகமோ அவர்தான் பொருத்தமான ஆள். பெட்ரோல் நிலையத்தில் யாரும் அழுத்த வேண்டாம்.

எப்படிப் பேசுவது? ஏதாவது முறை உண்டா?

பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயர் முதலில்: "முருகன் அண்ணே, முருகன் அண்ணே, கடைசி வண்டி பேசுறேன். மச்சாப்ல நிறுத்துறோமா? ஓவர்." முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் யார் என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், நடுவில் உள்ளவர்கள் தேவையில்லாமல் பேச வேண்டாம். சேனல் எல்லாருக்கும் பொது. உங்கள் ஹோட்டல் அறை எண்ணையும் குடும்ப விவகாரத்தையும் பாதி ஜோகூர் கேட்டுக்கொண்டிருக்கும். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்றும் நினைக்காதீர்கள், மலேசியாவில் லாரி ஓட்டுகிற தமிழர்கள் நிறையப் பேர்.

எனக்குச் சிங்கப்பூரிலேயே காரிலிருந்து பேச ஆசை. வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது சிபி இல்லை, அமெச்சூர் ரேடியோ. தேர்வு எழுதித் தேற வேண்டும், ஐஎம்டிஏ உரிமம் வாங்க வேண்டும், 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அதன்பின் 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் காரிலிருந்தே பேசலாம். அதே கருவியைத் திருப்பிவிட்டு 477இல் பேச முடியுமா என்று உடனே கேட்பீர்கள். பல கருவிகளால் முடியும், ஆனால் அமெச்சூர் உரிமம் அதற்குச் செல்லாது. தேர்வுக்குப் படிக்க வேண்டியது மின்சுற்று, அலைபரவல், ஆன்டெனா, விதிமுறைகள். மேலே சொன்ன ஆன்டெனா சமாசாரத்தை ரசித்துப் படித்தவர்களுக்கு அது பெரிய பாரமாக இருக்காது.